எந்த நாட்டுக்கு வரிச்சலுகை உண்டு? ஜி.எஸ்.பி. தகுதியை ஆராயும் முறை

2019 ஜூலை 1 அன்று உலக வங்கி இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடுகளின் வரிசைக்கு உயர்த்தியது. அப்போது அந்நாட்டின் தலா தேசிய வருமானம் 4,060 டாலர். அந்த வரிசை தொடங்கும் கோடு 3,996 டாலர். மேல் நடுத்தர வருமான நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சலுகை கிடையாது என்று பாதி கேள்விப்பட்டிருந்த ஒருவர், இலங்கையின் ஆடை ஏற்றுமதிக்கான சலுகை அன்றோடு முடிந்தது என்றே எண்ணியிருப்பார். ஆனால் சலுகை ஒரு நாள்கூட நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் கோடு 4,046 டாலருக்கு ஏறியது, இலங்கையின் வருமானம் 4,020 டாலருக்கு இறங்கியது, நாடு மீண்டும் கீழ் நடுத்தர வரிசைக்கே வந்து சேர்ந்தது. ஐரோப்பியச் சட்டம் கேட்பது தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மேல் வரிசையில் இருப்பதை. இலங்கை இருந்தது ஓராண்டு மட்டுமே.

வளரும் நாடுகளுக்கான வரிச்சலுகைகளைப் பற்றிப் பேசும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இவ்வகைப்பட்டவை. ஒரு நாடு தகுதி பெறுகிறதா என்பதை ஒரே கேள்வியாகக் கருதிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் வருமானம், பொருள், பொருளாதார நிலை, உடன்படிக்கைகள், நடத்தை எனப் பல கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆவணம் உண்டு, தனிக் காலக்கணக்கும் உண்டு. தொழிற்சங்கத்தில் பணிபுரிபவர், சிறு ஏற்றுமதியாளர், செய்தியாளர், பொருளியல் மாணவர் என யாராக இருந்தாலும், ஒரு நாட்டின் தகுதியைத் தாமே சரிபார்த்துக்கொள்ள உதவும் வகையில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதன்மையாக ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் விதிகள் எழுத்தில் தெளிவாக இருப்பதும், இலங்கை அதன் எல்லாப் படிகளையும் அனுபவித்த நாடாக இருப்பதும் அதற்குக் காரணங்கள்.

சலுகை தருபவர் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள்

ஜி.எஸ்.பி. எனப்படும் பொதுமை வரிச்சலுகை முறை 1968இல் புதுதில்லியில் நடந்த ஐக்கிய நாடுகள் வணிக, வளர்ச்சி மாநாட்டின் இரண்டாம் அமர்வில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பணக்கார நாடுகள் வளரும் நாடுகளின் பொருள்களுக்கு, பதிலுக்கு எதையும் கேட்காமல் சுங்க வரியைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எல்லா வணிகக் கூட்டாளிகளுக்கும் ஒரே வரி என்பது காட் எனும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் அடிப்படை விதி. அதற்கு இது முரணாக இருந்ததால் 1971இல் பத்தாண்டு விலக்கு அளிக்கப்பட்டது. 1979 நவம்பரில் நிறைவேறிய தீர்மானம் அந்த விலக்கை நிரந்தரமாக்கியது.

இந்த வரலாற்றிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சலுகை பெறும் நாடுகளின் உலகப் பொதுப் பட்டியல் என்று எதுவும் இல்லை. உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாடு தன்னை வளரும் நாடு என்று தானே அறிவித்துக்கொள்ளலாம். அந்த அறிவிப்பு எந்தச் சந்தையிலும் அதற்குச் சலுகையைப் பெற்றுத் தராது. சலுகை தரும் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் தன் பட்டியலை வைத்திருக்கிறது. எனவே "இந்த நாட்டுக்குச் சலுகை உண்டா?" என்று கேட்காமல், "இந்தச் சந்தையில், இந்த நாளில், இந்த நாட்டுக்கு உண்டா?" என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் ஜி.எஸ்.பி. திட்டம் 1974ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ் 1976 ஜனவரியில் தொடங்கியது. 2020 டிசம்பர் 31 அன்று அதன் காலம் முடிந்து, நாடாளுமன்றத்தின் புதுப்பிப்பின்றி நின்றுபோனது. பட்டியலில் ஒரு நாட்டின் பெயர் இருந்தாலும் திட்டமே நடைமுறையில் இல்லாதபோது அந்தப் பெயரால் பயன் இல்லை. பிரிட்டன் 2023 ஜூன் 19 முதல் வளரும் நாடுகளுக்கான தன் சொந்தத் திட்டத்தை நடத்துகிறது. 65 நாடுகள் மூன்று படிகளில் அதில் உள்ளன. ஐரோப்பாவில் உயர்ந்த சலுகையைப் பெற 27 உடன்படிக்கைகளை ஏற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பிரிட்டனின் இரண்டாம் படிக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே இலங்கைக்கு ஒரு சந்தையில் நேரும் சிக்கல் மற்றதில் தானாக நேராது. இந்தியாவும் சலுகை தரும் நாடுதான். மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளுக்கு 2008 முதல் வரிவிலக்குத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது.

சட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் 978/2012 என்ற எண்ணுள்ள விதிமுறையில் இருக்கிறது. இது 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2023 இறுதியில் முடிய வேண்டியிருந்த அதன் காலம் 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இணையத்தில் தேடினால் 2012இல் வெளியான மூல வாசகம் முதலில் கிடைக்கக்கூடும். அதை விட்டுவிட்டு, பிற்காலத் திருத்தங்கள் யாவும் சேர்க்கப்பட்ட ஒருங்கிணைந்த வாசகத்தைத் தேடி எடுங்கள். நாடுகளின் பட்டியல்களும் விழுக்காட்டு எல்லைகளும் பலமுறை மாறியிருக்கின்றன. மூல வாசகத்தை நம்பினால் பத்தாண்டு பழைய விடைதான் கிடைக்கும்.

விதிமுறையின் உடலைவிட இணைப்புகளே உங்களுக்கு அதிகம் பயன்படும். முதல் இணைப்பு திட்டத்துக்கு உரியவையாக இருக்கக்கூடிய நாடுகளைச் சொல்கிறது. இரண்டாவது, பொதுச் சலுகை பெறும் நாடுகள். மூன்றாவது, ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற உயர்சலுகை பெறும் நாடுகள். நான்காவது, ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் வரிவிலக்கு பெறும் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள். ஆறாவதும் ஏழாவதும் கணக்கீட்டு எல்லைகள், எட்டாவது உடன்படிக்கைகள். ஒரு நாட்டின் பெயர் முதல் இணைப்பில் இருப்பதைக் கண்டு தகுதி உண்டு என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த மூன்று இணைப்புகளில் ஒன்றில் அது இருக்கிறதா என்பதே கேள்வி.

வருமானக் கோடும் மாற்று ஒப்பந்தமும்

பொதுச் சலுகைப் பட்டியலிலிருந்து ஒரு நாடு நீங்க இரண்டு காரணங்கள் போதும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக வங்கி அதை மேல் நடுத்தர அல்லது உயர் வருமான நாடாக வகைப்படுத்தியிருப்பது ஒன்று. அதே அளவிலோ அதைவிடக் கூடுதலாகவோ சலுகை தரும் வேறொரு வணிக ஏற்பாடு ஐரோப்பிய ஒன்றியத்துடன் நடைமுறையில் இருப்பது மற்றொன்று.

முதல் காரணத்தைச் சரிபார்க்க, உலக வங்கி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று வெளியிடும் வகைப்பாட்டைப் பின்னோக்கிக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு எழுதிக்கொள்ளுங்கள். கோடுகள் ஆண்டுதோறும் மாறும். 2025 ஜூலை வகைப்பாட்டில் மேல் நடுத்தர வரிசை 4,496 டாலரில் தொடங்கி 13,935 டாலரில் முடிகிறது. சீனா, தாய்லாந்து, எக்குவடோர், மாலத்தீவு ஆகிய நான்கும் இந்த மூன்றாண்டு விதியால்தான் 2015 ஜனவரி 1 அன்று பட்டியலிலிருந்து நீங்கின. இந்தோனேசியா 2020இல் மேல் வரிசைக்கு ஏறி, 2021இல் இறங்கி, 2023இல் மீண்டும் ஏறியது. அத்தகைய நாட்டுக்குக் கணக்கு 2023இலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். 2020ஐயும் சேர்த்து எண்ணுவது தவறு. மூன்றாண்டுகள் நிறைந்த பிறகும் நீக்கம் உடனே நிகழாது. முடிவு நடைமுறைக்கு வந்தபின் ஓராண்டு அவகாசம் உண்டு.

இரண்டாம் காரணத்துக்கு அவகாசம் இரண்டு ஆண்டுகள். வியட்நாமுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2020 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2023 தொடக்கத்திலிருந்து அந்நாட்டுக்கு ஜி.எஸ்.பி. இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான நாளைக் கணக்கில் எடுக்காமல், அது நடைமுறைக்கு வந்த நாளையே எடுங்கள். இரண்டுக்கும் இடையே ஆண்டுகள் கழிவது வணிக ஒப்பந்தங்களில் இயல்பு.

மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் தயாரிப்பதில்லை, ஐ.நா.வின் பட்டியலையே பின்பற்றுகிறது. ஐ.நா.வின் வளர்ச்சிக் கொள்கைக் குழு மூன்றாண்டுக்கு ஒருமுறை தலா வருமானம், மனித வளம், பொருளாதார மற்றும் சுற்றுச்சூழல் நலிவு என்ற மூன்று அளவைகளால் நாடுகளை அளக்கிறது. 2024 ஆய்வில் வெளியேறுவதற்கான வருமானக் கோடு 1,306 டாலர். பொதுவாக மூன்றில் இரண்டு அளவைகளை அடுத்தடுத்த இரு ஆய்வுகளில் ஒரு நாடு கடக்க வேண்டும். 2024 டிசம்பருக்குப் பின் பட்டியலில் 44 நாடுகள் இருந்தன. வங்கதேசம், நேபாளம், லாவோஸ் ஆகியவை வெளியேற ஐ.நா. பொதுச்சபை குறித்த நாள் 2026 நவம்பர் 24. வெளியேறிய நாடு ஐரோப்பிய வரிவிலக்கை அன்றே இழப்பதில்லை, மூன்றாண்டு இடைக்காலம் உண்டு. அந்த இடைக்காலம் எவ்வளவு விரைவில் கரையும் என்பதற்கு மாலத்தீவு சான்று: 2011 ஜனவரியில் பட்டியலிலிருந்து வெளியேறியது, 2014இல் முழு வரிவிலக்கை இழந்து பொதுச் சலுகைக்கு வந்தது, 2015இல் வருமான விதியால் அதையும் இழந்தது.

நாட்டுக்குத் தகுதி உண்டு, பொருளுக்கு உண்டா?

இதைப் பார்க்காமல் விடுபவர்களே அதிகம். ஐரோப்பியத் திட்டம் பொருள்களைப் பிரிவுகளாகப் பகுத்து, ஒரு நாட்டின் ஒரு பிரிவு ஏற்றுமதி போதுமான அளவு வலுப்பெற்றுவிட்டால் அந்தப் பிரிவுக்கு மட்டும் சலுகையை நிறுத்துகிறது. பொதுச் சலுகை பெறும் எல்லா நாடுகளிலிருந்தும் வரும் அப்பிரிவு இறக்குமதியில் ஒரு நாட்டின் மூன்றாண்டுச் சராசரிப் பங்கு பெரும்பாலான பிரிவுகளில் 57 விழுக்காட்டையும், துணி, ஆடைப் பிரிவுகளில் 47.2 விழுக்காட்டையும் தாண்டினால் இது நிகழும். 2014இல் இந்த எல்லைகள் 17.5, 14.5 என்றே இருந்தன; சீனா போன்ற பெரிய ஏற்றுமதியாளர் வெளியேறியபின் மிச்சமிருந்த நாடுகளின் பங்கு தானாகவே பெருத்துவிடும் என்பதால் எல்லையும் உயர்த்தப்பட்டது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது நேரடியாகப் பொருந்தும். நூலும் துணியும் ஒரு பிரிவு. தைத்து முடித்த ஆடையும் வீட்டுத் துணிப் பொருள்களும் இன்னொரு பிரிவு. பல ஆண்டுகளாக இந்தியாவின் நூல், துணிப் பிரிவுக்கு ஐரோப்பியச் சலுகை நிறுத்தப்பட்டிருந்தபோதே திருப்பூரின் பின்னலாடைக்கு அது கிடைத்துவந்தது. ஒரே நாடு, ஒரே தொழில், இரண்டு விடைகள். இந்தப் பிரிவுப் பட்டியல் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. இப்போது பார்க்க வேண்டியது 2026 முதல் 2028 வரையிலான பட்டியலை. 2023 முதல் 2025 வரையிலான பழைய பட்டியலை வைத்து விலை பேசிவிடாதீர்கள். ஜி.எஸ்.பி. பிளஸ் நாடுகளுக்கும் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளுக்கும் இந்தப் பிரிவு நிறுத்தம் கிடையாது.

அமெரிக்கத் திட்டம் இதைவிடக் கடுமையானதாக இருந்தது. பெரும்பாலான ஆடை வகைகளைச் சட்டமே விலக்கி வைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இறந்தபின், அந்த ஜூனில் அமெரிக்கா அந்நாட்டின் சலுகையை நிறுத்திவைத்தது. ஆடைத் தொழிலில் நேர்ந்த கொடுமைக்கான அந்தத் தண்டனை, ஆடைக்குச் சலுகையே இல்லாததால் ஆடைத் தொழிலை ஏறத்தாழத் தொடவே இல்லை. ஒரு நாட்டின் சலுகை நீக்கப்பட்டது என்று படிக்கும் ஒவ்வொரு முறையும், அந்நாடு உண்மையில் விற்கும் பொருள் அந்தச் சலுகைக்குள் இருந்ததா என்று பாருங்கள்.

ஜி.எஸ்.பி. பிளஸ்: நலிவும் உடன்படிக்கையும்

இந்த உயர்சலுகை பிறந்த கதையில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. போதைப்பொருளை ஒடுக்கப் போராடும் நாடுகள் என்று 12 நாடுகளைத் தேர்ந்தெடுத்து ஐரோப்பா கூடுதல் சலுகை அளித்தது. அவற்றுள் பாகிஸ்தான் இருந்தது. இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2004 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னதன் சாரம் இது: வளரும் நாடுகளிடையே வேறுபாடு காட்டலாம், ஆனால் அது அவற்றின் உண்மையான தேவை வேறுபாட்டை ஒட்டியதாக இருக்க வேண்டும், ஒரே தேவை உடைய எல்லா நாடுகளுக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும், பெயர் குறித்து மூடிவிட்ட பட்டியல் ஏற்கத்தக்கதன்று. அதன் பிறகே எவரும் விண்ணப்பிக்கக்கூடிய அளவைகளுடன் ஜி.எஸ்.பி. பிளஸ் உருவானது. சலுகை என்பது கொடுப்பவரின் தயவு மட்டும் அன்று, அதற்கும் நீதிக்கணக்கு உண்டு என்று நிலைநாட்டிய இந்தத் தீர்ப்பை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு நாடு இச்சலுகைக்கு உரியதா என்று ஆராயும்போது முதலில் நலிவுக் கணக்கைப் பாருங்கள். அந்நாட்டிலிருந்து இத்திட்டத்தின் கீழ் வரும் இறக்குமதியில் ஏழு பெரிய பிரிவுகள் 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது அதன் ஏற்றுமதி சில பொருள்களையே நம்பியிருக்க வேண்டும். மொத்த ஜி.எஸ்.பி. இறக்குமதியில் அதன் பங்கும் சிறிதாக இருக்க வேண்டும். முதலில் 2 விழுக்காடாக இருந்த இந்த எல்லை 2015இல் 6.5 ஆகவும் பின்னர் 7.4 ஆகவும் உயர்த்தப்பட்டது. இந்தியா போன்ற பெரிய நாடு இந்தக் கணக்கிலேயே நின்றுவிடும். அதன் மனித உரிமை நிலையை ஆராயும் கட்டத்துக்குப் போக வேண்டிய தேவையே எழாது.

அடுத்தது 27 உடன்படிக்கைகள். இனப்படுகொலைத் தடுப்பு, குடிமை அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, குழந்தை உரிமை உள்ளிட்ட ஏழு ஐ.நா. உடன்படிக்கைகளும், கட்டாய உழைப்பு, சங்கம் சேரும் உரிமை, கூட்டுப்பேரம், சம ஊதியம், குழந்தை உழைப்பு பற்றி ஐ.எல்.ஓ. எனப்படும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகுத்த எட்டு உடன்படிக்கைகளும் முதல் பகுதி. சுற்றுச்சூழல், போதைப்பொருள், ஊழல் ஒழிப்பு பற்றிய 12 உடன்படிக்கைகள் இரண்டாம் பகுதி. ஏற்பளித்த நாள், ஏதேனும் விலக்குரிமை பதிவு செய்யப்பட்டுள்ளதா, அறிக்கை சமர்ப்பிக்கும் கெடு தவறியுள்ளதா ஆகிய மூன்றையும் ஒவ்வோர் உடன்படிக்கைக்கும் ஓர் அட்டவணையில் எழுதுங்கள். ஐ.எல்.ஓ.வின் இணையத் தரவுத்தளமும் ஐ.நா. உடன்படிக்கைக் குழுக்களின் தரவுத்தளமும் இவற்றை இலவசமாகத் தருகின்றன.

ஏற்பளிப்பது தொடக்கம் மட்டுமே. கண்காணிப்பு அமைப்புகளின் அண்மைய முடிவுரைகள், உடன்படிக்கையைச் செயல்படுத்துவதில் கடுமையான தவறு எதையும் சுட்டியிருக்கக் கூடாது என்று விதிமுறை கேட்கிறது. எனவே உங்கள் அட்டவணையின் அடுத்த நிரல் அந்த முடிவுரைகளுக்கானது. ஐ.எல்.ஓ. வல்லுநர் குழுவின் குறிப்புகளையும் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் இறுதிக் கருத்துரைகளையும் வாசித்து, ஒவ்வொன்றின் நாளையும் பத்தி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாத மதிப்பாய்வு வெறும் அபிப்பிராயமாகவே நிற்கும்.

நடத்தையை எடைபோடுவது

சலுகை பெற்ற நாடு உறுதிமொழியைக் காக்கிறதா என்பதே இந்த ஆய்வின் கனமான பகுதி. மக்களின் குரல் நுழையக்கூடிய இடமும் இதுதான்.

ஒரு குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு அது எப்படி ஆதாரமாகிறது என்று பார்ப்போம். "சுதந்திர வர்த்தக வலயத்தில் சங்கம் அமைக்க விடுவதில்லை" என்று ஒரு தொழிலாளி சொல்கிறார். முதலில் இது எந்த உடன்படிக்கையில் வருகிறது என்று கண்டறியுங்கள்: ஐ.எல்.ஓ.வின் 87, 98ஆம் எண் உடன்படிக்கைகள். பிறகு உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இலங்கையின் தொழிற்பிணக்குகள் சட்டப்படி, சங்கத்தை அங்கீகரிக்க முதலாளி கட்டாயப்படுத்தப்பட வேண்டுமானால் தொழிலாளரில் 40 விழுக்காட்டினர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். இந்த வரம்பைப் பற்றி ஐ.எல்.ஓ. வல்லுநர் குழு பல ஆண்டுகளாகக் குறிப்பெழுதிவருகிறது. இப்போது அந்தத் தொழிலாளியின் சொல்லுக்குச் சட்டப் பிரிவும் சர்வதேசக் குறிப்பும் துணையாகிவிட்டன. அதன் மேல் நாள், இடம், எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர், தொழில் திணைக்களத்தில் முறையிட்டு என்ன ஆயிற்று என்ற விவரங்களைச் சேருங்கள். தொழிலாளரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டும் குறிப்பையோ ஆவணத்தில் எழுதாதீர்கள். உங்கள் அறிக்கை அவருடைய வேலையைப் பறிப்பதாக முடியக் கூடாது.

சட்டத் திருத்தங்களை ஆராயும்போதும் இதே நிதானம் வேண்டும். இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆராயுமாறு ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஜூன் 10 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. 2022 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டு, தடுப்புக்காவல் ஆணையின் உச்சக் காலம் 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. திருத்தம் வந்துவிட்டது என்று ஒரு தரப்பு எழுதும்; எதுவும் மாறவில்லை என்று மறு தரப்பு எழுதும். நீங்கள் இரண்டையும் எழுதாமல், குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு கைதானவரை விரைவாக நீதிபதி முன் நிறுத்தக் கோருகிறது என்பதையும், 12 மாத ஆணை அந்த அளவுகோலுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். முன்னேற்றத்தை மறைக்கவும் வேண்டாம், அதை முழுமையென்று காட்டவும் வேண்டாம்.

காலக்கணக்கை இரண்டு நிகழ்வுகளிலிருந்து கற்றுக்கொள்ளலாம். இலங்கையைப் பற்றிய விசாரணை 2008 அக்டோபரில் தொடங்கியது. குடிமை அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, குழந்தை உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளும் முறையாகச் செயல்படுத்தப்படவில்லை என்ற அறிக்கை 2009 அக்டோபரில் வந்தது. 2010 பிப்ரவரி 15 அன்று முடிவு எடுக்கப்பட்டு, ஆகஸ்ட் 15 அன்று சலுகை நின்றது. 2016 ஜூலையில் மீண்டும் விண்ணப்பித்து, 2017 மே 19 அன்று இலங்கை அதைத் திரும்பப் பெற்றது. கம்போடியாவுக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறை தொடங்கியது, 2020 பிப்ரவரி 12 அன்று முடிவு வந்தது, ஆகஸ்ட் 12 அன்று அது செயலுக்கு வந்தது. தொடக்கத்திலிருந்து இறுதிவரை கம்போடியாவுக்கு ஒன்றரை ஆண்டு, இலங்கைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு. முடிவுக்கும் செயலுக்கும் இடையே இரண்டிலும் ஆறு மாதம். "சலுகை நாளை போய்விடும்" என்ற செய்தியை எடைபோட இந்தக் கணக்கே போதும். ஜி.எஸ்.பி. பிளஸ் நாடுகளைப் பொறுத்தவரை, உறுதிமொழியைக் காத்தோம் என்று நிறுவும் பொறுப்பு அந்த நாட்டையே சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முறையீடு செய்ய விரும்பும் அமைப்புகளுக்கு 2020 நவம்பர் முதல் ஐரோப்பிய ஆணையம் ஒரே நுழைவாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள அமைப்புகளுக்கும் குடிமக்களுக்குமானது அது என்பதால், இலங்கையின் கட்டுநாயக்கவிலுள்ள ஒரு சங்கம் அங்குள்ள தோழமை அமைப்பு ஒன்றின் வழியாகவே அதை அணுக வேண்டும். ஜி.எஸ்.பி. பிளஸ் நாடுகளுக்கு ஐரோப்பியக் கண்காணிப்புக் குழுக்கள் வரும் வேளையில் உள்ளூர் சங்கங்களையும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புக்கு மேற்சொன்ன அட்டவணையுடன் போனால் உங்கள் சொல் அறிக்கையில் ஏறும் வாய்ப்பு மிகும்.

அமெரிக்க முறையில் முறையீட்டுக்கு வேறொரு முகம் இருந்தது. தொழிலாளர் உரிமையோடு, அந்நாட்டுச் சந்தையில் அமெரிக்கப் பொருளுக்கு நியாயமான இடம் உண்டா என்பதும் அங்கே அளவைகளுள் ஒன்று. இந்தியாவைப் பற்றிய மறுஆய்வு 2018 ஏப்ரலில் பால் பொருள், மருத்துவக் கருவித் தொழில்களின் முறையீடுகளை ஒட்டியே தொடங்கியது. 2019 ஜூன் 5 அன்று இந்தியா சலுகையை இழந்தது. பதிலுக்கு எதையும் கேட்காத சலுகை என்று 1968இல் சொல்லப்பட்டதற்கு இது எவ்வளவு தொலைவு என்று எண்ணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

இழப்பைச் சரியாகக் கணக்கிடுங்கள்

ஒரு நாட்டின் தகுதியை ஆராய்பவர், அது இழக்கப்பட்டால் யாருக்கு என்ன நேரும் என்பதையும் எழுதியாக வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலான ஆடைகளுக்குப் பொது வரி 12 விழுக்காடு. ஜி.எஸ்.பி. பிளஸ் இருந்தால் வரி இல்லை. அது போனால் நாடு வழக்கமாகப் பொதுச் சலுகைக்கு இறங்கும். அங்கே ஆடைக்கு வரியில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பு உண்டு. ஆகவே இழப்பு 12 விழுக்காடு அன்று, 9.6 விழுக்காடு. அதுவும், உண்மையில் சலுகையைப் பயன்படுத்தி அனுப்பப்பட்ட சரக்குக்கு மட்டுமே. மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளைத் தவிர மற்றவற்றுக்கு, பொதுவாகத் துணி நெய்வதோ பின்னுவதோ தைப்பதுடன் சேர்ந்து அங்கேயே நிகழ வேண்டும் என்று, பொருள் எந்த நாட்டில் உருவானது எனத் தீர்மானிக்கும் தோற்ற விதி கேட்கிறது. வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைக்கும் ஆலை பல வேளைகளில் தகுதியுள்ள நாட்டில் இருந்துகொண்டே முழு வரி கட்டுகிறது. எனவே மொத்த ஏற்றுமதியை 9.6 விழுக்காட்டால் பெருக்கிவிடாதீர்கள், சலுகையுடன் நுழைந்த மதிப்பைத் தனியே எடுத்துப் பெருக்குங்கள்.

கம்போடியா விஷயத்தில் ஐரோப்பிய ஆணையம் முழு நீக்கத்துக்குப் போகவில்லை. சில ஆடைகள், காலணிகள், பயணப் பைகள், சர்க்கரை என்று தேர்ந்தெடுத்து, அந்நாட்டின் ஐரோப்பிய ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் சலுகையை நிறுத்தியது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணே பெரும்பாலும் இந்த முடிவுகளின் சுமையை முதலில் ஏற்கிறாள். குற்றம் செய்த அமைச்சர் ஏற்பதில்லை. அதற்காக நீக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீக்கம் உண்மையில் நிகழக்கூடும் என்ற அச்சம் இல்லாவிட்டால் உறுதிமொழியை எந்த அரசும் பொருட்படுத்தாது. ஆனால் பகுதி நீக்கத்தால் அதே அழுத்தத்தைத் தர முடியுமா, எந்தப் பொருள்களைத் தேர்ந்தால் தொழிலாளர் இழப்பு குறையும் என்பதை எழுதாத மதிப்பாய்வை முடிந்ததாக நான் ஏற்க மாட்டேன்.

கோப்பைத் திறந்தே வைத்திருங்கள்

ஆய்வுத் தாளின் தலைப்பில் நீங்கள் பார்த்த நாளை எழுதுங்கள். அதன் கீழே, அடுத்து எப்போது திறக்க வேண்டும் என்று குறியுங்கள். ஜூலை 1இல் உலக வங்கியின் வகைப்பாடு வரும். 2027இல் வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் அடுத்த மூன்றாண்டு ஆய்வு வர வேண்டும். 2027 டிசம்பர் 31க்குள் ஐரோப்பிய விதிமுறையே முடிகிறது. அதற்குப் பதிலாக வரும் விதிமுறையில் உடன்படிக்கைகளின் எண்ணிக்கையும் எல்லைகளும் மாறக்கூடும் என்பதால் மேலே சொன்ன ஒவ்வோர் எண்ணையும் அப்போது மீண்டும் சரிபார்க்க வேண்டும். 2028 முடிவில் பிரிவுப் பட்டியல் மாறும். எந்த முடிவாக இருந்தாலும், அது அதிகாரப்பூர்வ இதழில் வெளியான நாளையும் செயலுக்கு வரும் நாளையும் இரண்டு தனி நிரல்களில் எழுதி வையுங்கள். அந்த ஆணையில், ஏற்கெனவே கப்பலில் ஏறிவிட்ட சரக்கைப் பற்றி ஏதேனும் விதி இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். கடலில் இருக்கும் ஒரு கொள்கலனுக்கு எந்த வரி என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.